அல்புனைவு எடுத்துரைப்பில் ஆசிரியர் நோக்கை இனங்காணல்: தொல்காப்பியச் செய்யுளுறுப்புகளின் வழி ஒரு கற்பித்தல் நெறி

ஆய்வுச்சுருக்கம்

தன்வரலாறு, நாட்குறிப்பு, வாழ்க்கை வரலாறு முதலிய அல்புனைவு எடுத்துரைப்புகளைப் பயிலும் மாணவர்கள் ‘ஆசிரியரின் நோக்கம் யாது?’ என்னும் வினாவிற்குப் பாடுபொருளையோ பொதுவான அறவுரையையோ விடையாகத் தருதல் இயல்பாகக் காணப்படுகிறது. தெரிவித்தல், இணங்கவைத்தல், மகிழ்வித்தல் என்னும் மூவகைப் பகுப்பு இக்குறையைப் போக்கப் போதுமானதாக இல்லை. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் என்னும் ஏழு உறுப்புகளையும், நன்னூல் பாயிரவியல் காட்டும் பயன், காரணம் என்னும் வேறுபாட்டையும் துணையாகக் கொண்டு, பனுவற் சான்றின்வழி நோக்கை உய்த்துணரும் ஒரு கற்பித்தல் நெறியை இக்கட்டுரை முன்வைக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, பாமாவின் ‘கருக்கு’ ஆகிய மூன்று பனுவல்கள் இதற்கு எடுத்துக்காட்டுகளாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: அல்புனைவு, எடுத்துரைப்பு, ஆசிரியர் நோக்கு, முன்னம், எச்சம், தன்வரலாறு, இலக்கியம் கற்பித்தல்.

1. முன்னுரை

புனைகதையைப் படிக்கும் மாணவர், அது ஒருவரால் கட்டமைக்கப்பட்டது என்னும் உணர்வோடு படிக்கிறார். அல்புனைவைப் படிக்கும்போது அவ்வுணர்வு நெகிழ்ந்துவிடுகிறது. ‘நடந்தது, எழுதினார்’ என்ற அளவில் ஆசிரியரின் தெரிவு மறைந்துபோகிறது. எந்த நிகழ்வை எடுத்தார், எதை விடுத்தார், எங்கே தொடங்கினார், யாரை முன்னிறுத்திப் பேசினார் என்பன வினாக்களாகவே எழுவதில்லை. இதன் விளைவு தேர்வு விடையோடு முடிவதன்று. நாட்குறிப்பையும் தன்வரலாற்றையும் பண்பாட்டு வரலாற்றுக்கும் சமூக ஆய்வுக்கும் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர்கள் இவ்வகுப்புகளிலிருந்தே உருவாகின்றனர். நோக்கை அறியாமல் சான்றைக் கையாள்பவர், எழுதியவரின் தற்காப்பை நிகழ்வாகவும், எழுதியவரின் வினாவை முடிபாகவும் பதிவு செய்துவிடக்கூடும். ஆகவே நோக்கை இனங்காணும் பயிற்சி, ஆய்வு நெறிக்கான அடிப்படைப் பயிற்சியுமாகும்.

2. மூவகைப் பகுப்பின் போதாமை

பள்ளி நிலையில் ஆசிரியர் நோக்கைத் தெரிவித்தல், இணங்கவைத்தல், மகிழ்வித்தல் என மூன்றாகப் பகுத்துக் கற்பித்தல் பல நாடுகளில் வழக்கமாக உள்ளது. விளம்பரம், செய்தி, நகைச்சுவைத் துணுக்கு ஆகியவற்றைப் பிரித்தறிய இது பயன்படும். எடுத்துரைப்பு வடிவிலான அல்புனைவுக்கு இது பொருந்துவதில்லை. தன்வரலாறு ஒன்று ஒரே பத்தியில் தகவல் தருகிறது, கதைச்சுவை ஊட்டுகிறது, ஒரு கருத்துக்கு வாசகரை இட்டுச்செல்கிறது. மூன்றும் உண்டு என்று மாணவர் எழுதினால் விடை பிழையாகாது. ஆயினும் அவ்விடை எல்லா நூலுக்கும் பொருந்துவதால் எந்த நூலையும் விளக்குவதாகாது.

இப்பகுப்பின் துணையோடு விடையெழுதும் மாணவரிடம் நான்கு வகைத் திரிபுகள் நேர்கின்றன. பாடுபொருளை நோக்காகக் கொள்ளல் முதலாவது. ‘தம் வாழ்க்கையைக் கூறுவதே நோக்கம்’ என்பது இதற்கு எடுத்துக்காட்டு. அறவுரையை நோக்காகக் கொள்ளல் இரண்டாவது. ‘விடாமுயற்சி வெற்றி தரும் என உணர்த்துவதே நோக்கம்’ என்பது போன்றது. முன்னுரையில் ஆசிரியர் வெளிப்படக் கூறியதை மட்டுமே முழு நோக்காகக் கொள்ளல் மூன்றாவது. பனுவலில் சான்று இல்லாமல் ஆசிரியரின் மனத்தை ஊகித்தல் நான்காவது. முதல் மூன்றும் குறைபட்ட வாசிப்பு. நான்காவது மிகைபட்ட வாசிப்பு. இரண்டுக்கும் இடையிலான நெறியைத் தமிழ் இலக்கண மரபிலேயே காண இயலும்.

3. மரபிலக்கணத்தில் நோக்கு: பாயிரமும் செய்யுளுறுப்பும்

நூலின் நோக்கை வினவுதல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. நன்னூல் சிறப்புப் பாயிரத்திற்குரிய எட்டுப் பொருள்களுள் கேட்போரும் பயனும் இடம்பெறுகின்றன. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் உடன்சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என அந்நூல் குறிக்கிறது. இங்குப் பயனும் காரணமும் தனித்தனியே எண்ணப்படுதல் கருதத்தக்கது. நூல் எழுந்ததற்கான தூண்டல் காரணம். நூலால் கேட்போர் அடைவது பயன். மாணவர்கள் இவ்விரண்டையும் நோக்கம் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுவதே பல குழப்பங்களுக்கு இடமாகிறது.

சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியரின் ஆசிரியரோ, உடன் பயின்றவரோ, மாணாக்கரோ, உரைகாரரோ செய்தல் வேண்டும் என்பது மரபு. நூலின் பயனை நூலாசிரியரே அறிவிக்க வேண்டுவதில்லை. நூலைக் கற்றறிந்த மற்றொருவர் அதனை உணர்ந்து உரைக்கலாம் என்னும் கருத்து இம்மரபில் பொதிந்துள்ளது. ஆசிரியர் கூறாவிடினும் நோக்கை நூலின்வழி அறியலாகும் என்பதற்கு இது ஒரு மரபுச் சான்றாகிறது.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்து நான்கு உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் ஆகியவை இங்கு நேரடியாகப் பயன்படுவன. இவற்றுள் முன்னம் தனிக்கவனத்திற்குரியது. இன்ன இடத்தில், இன்னாருக்கு, இன்னார் கூறும் மொழி இது எனச் சூழலோடு பொருந்தவைத்து உணரும் வகையில் சொல் அமைதலே முன்னம். கூற்றின் உட்பொருளைச் சொல்லில் மட்டும் தேடாமல் சொல்வோர், கேட்போர், இடம் என்பவற்றின் உறவில் தேடுதல் இதன் சாரம். எச்சம் என்பது சொல்லாலும் குறிப்பாலும் பின்னர் நிரப்பிப் பொருள்கொள்ள வேண்டியதாய் எஞ்சி நிற்பது. கூறப்படாததும் பொருளுடையது என்பதை இவ்வுறுப்பு உணர்த்துகிறது.

இவ்வுறுப்புகள் செய்யுளுக்கு, சிறப்பாக அகப்பாடலின் கூற்று மரபுக்கு, வகுக்கப்பட்டவை. உரைநடைத் தன்வரலாற்றுக்கு இவற்றைப் பொருத்துதல் ஒரு விரிவாக்கமே. எனினும் அகப்பாடலைப் படிக்கும் மாணவர் ‘இது தோழி கூற்று, தலைவன் சிறைப்புறத்தானாகத் தலைவிக்குச் சொல்லுவாளாய்ச் சொல்லியது’ எனக் கேட்போரை இரு நிலையில் பிரித்துணரும் பயிற்சியை முன்னரே பெற்றிருக்கிறார். முன்னிருப்போர் ஒருவராகவும், உண்மையில் கேட்க வேண்டியவர் மற்றொருவராகவும் அமையும் இந்நிலை, தன்வரலாற்றை வாசிப்பதற்கு மிகச் சிறந்த முன்பயிற்சியாகும்.

4. ஒரு தடையும் விடையும்

ஆசிரியரின் கருத்தைத் தேடுதல் திறனாய்வாகாது என்னும் தடை இங்கு எழலாம். விம்சாட், பியர்ட்ஸ்லி ஆகியோர் 1946இல் எழுதிய கட்டுரையில், ஆசிரியரின் உள்ளக்கருத்தை இலக்கியப் படைப்பின் மதிப்பீட்டுக்கு அளவுகோலாகக் கொள்ளுதலைப் பிழையென்றனர். ரொலான் பார்த் 1967இல் ஆசிரியரின் இறப்பைப் பற்றி எழுதினார். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. மேற்சுட்டிய நான்காம் திரிபினைத் தவிர்க்க இது உதவுகிறது.

ஆயினும் அல்புனைவில் நிலைமை வேறுபடுகிறது. எழுதியவர், சொல்பவர், கதைமாந்தர் மூவரும் ஒருவரே என்னும் உடன்பாடு வாசகரோடு செய்துகொள்ளப்படுவதே தன்வரலாற்றின் அடிப்படை எனப் பிலிப் லெழேன் 1975இல் விளக்கினார். அவ்வுடன்பாடு உள்ள இடத்தில் ஆசிரியரை முற்றிலும் நீக்கிப் படிக்க இயலாது. எனவே கற்பித்தலில் தேடப்பட வேண்டியது ஆசிரியரின் மனத்துள் இருந்த எண்ணம் அன்று; பனுவலின் தெரிவு, வரிசை, கேட்போர், எச்சம் ஆகியவற்றில் வெளிப்படும் நோக்கே ஆகும். ‘நோக்கம்’ என்ற சொல் மன எண்ணத்தையும் குறிப்பதால், பனுவலில் வெளிப்படுவதை ‘நோக்கு’ எனக் குறித்தல் வகுப்பறையில் தெளிவு தரும்.

5. கேட்போர் இன்மை: ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வருகை, வணிகம், பீரங்கி மரியாதை, போர்ச் செய்தி, ஆளுநரோடு நிகழ்ந்த உரையாடல் எனப் பலவும் அதில் உள்ளன. அவர் வாழ்நாளில் அது அச்சேறவில்லை.

‘வரலாற்றுச் செய்திகளைத் தெரிவிப்பதே நோக்கம்’ என்று மாணவர் எழுதக்கூடும். யாருக்குத் தெரிவிக்கிறார் என வினவினால் விடை தடுமாறும். வெளிப்படையான கேட்போர் இல்லை. இன்றைய வரலாற்றாய்வாளருக்குக் கிடைக்கும் பயனை எழுதியவரின் நோக்காக மாணவர் ஏற்றிவிட்டார் என்பது இவ்வினாவால் புலனாகும். பயனும் நோக்கும் வேறெனக் கற்பிக்க இதைவிட ஏற்ற பனுவல் அரிது.

கேட்போர் இல்லாவிடத்து நோக்கைத் தெரிவின் வழியே அறிய வேண்டும். கனகராய முதலி 1746இல் மறைந்தபின் தலைமைத் துபாஷிப் பதவி யாருக்கு என்பதில் எழுந்த போட்டி நாட்குறிப்பில் விரிவாக இடம்பெறுகிறது. ஆளுநரோடு நிகழ்ந்த பேச்சுகள் வினாவும் விடையுமாகப் பதிவாகின்றன. டூப்ளேயின் மனைவியைப் பற்றிய கடுமையான குறிப்புகளும் உள்ளன. ஒரே பதிவில் சரக்குப் பற்றிய செய்தி சில சொற்களில் முடிய, தம் நிலை குறித்த உரையாடல் நீண்டு செல்லும் இடங்களை மாணவர்கள் தேடித் தொகுக்கலாம். பதிவின் அளவே இங்குச் சான்று. தம் சொல்லையும் செயலையும் தம் பக்கத்திலிருந்து நிலைநிறுத்திக்கொள்ளுதல் இப்பதிவுகளின் நோக்குகளுள் ஒன்று என்னும் கருதுகோளுக்கு அவர்கள் இவ்வாறு வந்து சேரலாம். இதனால் நாட்குறிப்பின் சான்று மதிப்புக் குறைவதில்லை. எப்பகுதியை எவ்வாறு பயன்படுத்தலாம் என்னும் வரையறையே பெறப்படுகிறது.

6. தற்புகழ்ச்சியும் நோக்கும்: என் சரித்திரம்

உ.வே. சாமிநாதையரின் (1855–1942) ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடன் வார இதழில் தொடராக வெளிவந்தது. அவர் 1942இல் மறைந்தமையால் முற்றுப்பெறவில்லை, 1950இல் நூலாயிற்று. இந்நூலின் புகழ்பெற்ற பகுதி, 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த நிகழ்வு. தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை முதலியவற்றைச் சாமிநாதையர் அடுக்கிக் கூறியபோதும் முதலியார் வியப்படையவில்லை. சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்றவற்றைப் படித்ததுண்டா என வினவுகிறார். அச்சந்திப்பின் தொடர்ச்சியாகவே 1887இல் சீவகசிந்தாமணிப் பதிப்பு வெளிவருகிறது.

இப்பகுதிக்குக் ‘குருவருளும் உழைப்பும் உயர்வு தரும்’ என்ற அறவுரை எளிதாகப் பொருத்தப்படுகிறது. ஏழு உறுப்புகளின்வழி வினவினால் வேறு விடை கிடைக்கிறது. நிகழ்வின் காலம் 1880. கூற்றின் காலம் அறுபது ஆண்டுகளுக்குப் பிந்தையது. பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) முதலியவற்றைப் பதிப்பித்துப் புகழ்பெற்ற முதியவர், அந்நூல்களை அறியாதிருந்த தம் இளமையைப் பேசுகிறார். கேட்போர் வார இதழ் வாசகர். அவர்கள் காலத்தில் சங்க நூல்கள் அச்சில் கிடைப்பவை. களன் இரண்டாகிறது: நிகழ்வின் களன் அறிஞர் இருவரின் உரையாடல், கூற்றின் களன் பெருவாரியான வாசகர் கூடும் இதழ். நூல்கள் கிடைக்கும் காலத்து வாசகருக்கு, அவை அறியப்படாதிருந்த காலத்தின் கல்விநிலையைக் காட்டுதல் இப்பகுதியின் நோக்கு என்பது இவ்வுறவிலிருந்து பெறப்படும் முன்னம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. தன்னைத்தான் புகழ்தல் தகாது என்பது நன்னூல் விதி. சில சூழல்களில் அது தகும் என விலக்கும் அந்நூலிலேயே உண்டு. இம்மரபில் ஊறிய புலவர் தன்வரலாறு எழுதுங்கால் தற்புகழ்ச்சியாகாமல் தம் பணியைக் கூறும் வழியைக் காண வேண்டியவராகிறார். தம் அறியாமையை வெளிப்படுத்தும் காட்சியைத் திருப்புமுனையாக அமைப்பது அவ்வழிகளுள் ஒன்று. பதிப்புப் பணியின் பெருமை இதனால் ஆசிரியரிடமிருந்து நூல்களுக்கு மாறுகிறது.

இவ்வாசிரியரே தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை இரு பாகங்களாக 1933, 1934 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டுள்ளார். மாணவராக அவர் பிள்ளையிடம் பயின்ற காலம் இரு நூல்களிலும் இடம்பெறுகிறது. ஒரே காலத்தைக் கூறும் பகுதிகளை அருகருகே வைத்து, எதில் எது விரிகிறது, எது சுருங்குகிறது எனக் கண்டறியச் செய்தல் சிறந்த பயிற்சியாகும். பாடுபொருளே நோக்கன்று என்பதை விளக்கவுரையின்றியே மாணவர் உணர்வர்.

7. பகுதியும் முழுமையும்: கருக்கு

1992இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’, தென்மாவட்டச் சிற்றூரொன்றின் தலித் கிறித்துவப் பெண்ணின் தன்வரலாறு. பேச்சுவழக்கில் அமைந்தது; காலவரிசையை நேராகப் பின்பற்றாமல் ஒரே வாழ்க்கைப் பகுதிக்கு மீண்டும் மீண்டும் திரும்புவது. பள்ளிச் சிறுமி வீடு திரும்பும் வழியில், தம் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிவந்து ஆதிக்க சாதியாரிடம் நீட்டும் காட்சியைக் காண்கிறாள். முதலில் அது அவளுக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது. அண்ணன் காரணத்தை விளக்கியபின் சிரிப்பு மறைந்து சினம் எழுகிறது. படித்து முன்னேறினால் இழிவு நீங்கும் என்னும் அண்ணனின் அறிவுரையை ஏற்று அவள் முனைந்து படிக்கிறாள்.

இப்பகுதி மட்டும் பாடமாக வைக்கப்படின், ‘கல்வியின் சிறப்பை உணர்த்துவதே நோக்கம்’ என மாணவர் எழுதுவது பகுதியளவில் பொருந்தியதாகவே தோன்றும். நூல் முழுமையும் படிப்பவருக்கு அவ்வறிவுரை ஒரு முடிபாக அமையவில்லை என்பது தெரியவரும். கற்றபின்னும், ஆசிரியப் பணி ஏற்றபின்னும், துறவற மடத்தில் சேர்ந்தபின்னும் சாதி தொடர்கிறது. இறுதியில் மடத்தை விட்டு வெளியேறும் நிலை வருகிறது. அண்ணனின் சொல்லை நூல் முழுவதும் சோதித்துப் பார்க்கிறது. பகுதியில் விடையாக நின்றது முழுமையில் வினாவாகிறது. பாடநூல் தொகுப்போர் வெட்டி எடுக்கும் எல்லையே நோக்கை மாற்றிவிடும் என்பதற்கு இது தக்க சான்று. நசுக்குண்டோரின் வினாவை ஊக்கவுரையாக மாற்றிக் கற்பித்தல் பனுவலுக்கு இழைக்கும் அநீதியுமாகும்.

கேட்போர் குறித்த வினாவும் இங்கு இரட்டை விடை தருகிறது. ஊர் வழக்கில் அமைந்த மொழி, அம்மொழியைப் பேசுவோரைத் தன் முதல் கேட்போராக அழைக்கிறது. அதே வேளையில் அச்சு உலகின் எழுத்துவழக்கு வாசகரும் சிறைப்புறத்தாரைப் போலக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். மொழித்தெரிவு நோக்கின் பகுதி. அது வட்டார வழக்குச் சொற்பட்டியலாகச் சுருக்கப்படத் தக்கதன்று. சொல்பவரின் பெயர் நூலுள் முன்னிறுத்தப்படாமையும் எச்சமாகக் கொண்டு ஆராயத்தக்கது. தனியொருவர் கதை, ஒரு சமூகத்தின் கதையாகவும் படிக்கப்படுவதற்கு அது இடமளிக்கிறது.

8. வகுப்பறை நடைமுறை

மேற்கண்ட நெறியை ஐந்து படிநிலைகளில் கற்பிக்கலாம்.

முதற்படி: பகுதியைப் படித்தவுடன் நோக்கை ஒரு தொடரில் எழுதச்செய்தல். இது திருத்தப்படாமல் அப்படியே வைக்கப்பட வேண்டும்.

இரண்டாம்படி: கூற்று, கேட்போர், களன், காலம் ஆகிய நான்கையும் நிகழ்வுக்குரியவை, எழுத்துக்குரியவை என இரு நிரல்களில் நிரப்பச்செய்தல். இரு நிரல்களும் வேறுபடும் இடமே வினா எழும் இடம்.

மூன்றாம்படி: எச்சத்தை வினவுதல். இந்நிகழ்வில் இருந்திருக்கக்கூடியதாயினும் கூறப்படாதது எது? இக்காட்சி நீக்கப்படின் நூலில் எது இழக்கப்படும்? இரண்டாம் வினா, சான்றற்ற ஊகத்தைத் தடுக்கும்.

நான்காம்படி: காரணம், பயன், நோக்கு மூன்றையும் தனித்தனித் தொடர்களாக எழுதச்செய்தல். எழுதத் தூண்டியது எது, வாசகர் பெறுவது எது, பனுவல் செய்ய முனைவது எது என்பன வெவ்வேறு வினாக்கள் என இதனால் தெளிவாகும்.

ஐந்தாம்படி: முதற்படியில் எழுதிய தொடரை மீண்டும் எடுத்துத் திருத்தி, திருத்தத்திற்கான பனுவற் சான்றுகள் இரண்டினைச் சுட்டச்செய்தல். மாணவரின் இரு தொடர்களுக்கும் இடையிலான தொலைவே கற்றலின் அளவாகும்.

9. மதிப்பீடு

நோக்கு குறித்த வினாவிற்கு ஒரே விடையை விடைக்குறிப்பில் தருதல் இந்நெறிக்கு முரணானது. விடையை மூன்று அளவுகளால் மதிப்பிடலாம். அவ்விடை வேறொரு நூலுக்கும் மாற்றமின்றிப் பொருந்துமா என்பது முதல் அளவு. பொருந்துமாயின் அது இன்னும் பொதுமை நிலையிலேயே உள்ளது. சுட்டிய சான்று பனுவலில் உள்ளதா என்பது இரண்டாவது. அவ்விடைக்கு முரணான பகுதி ஒன்றேனும் கருதப்பட்டுள்ளதா என்பது மூன்றாவது. இருவர் வெவ்வேறு நோக்கை எழுதி, இருவரும் இம்மூன்று அளவுகளிலும் தேறின் இருவருக்கும் முழு மதிப்பெண் வழங்குதல் முறையாகும். சான்றற்ற சரியான விடையைவிடச் சான்றுள்ள மாற்று விடை மேலானது என்பதை மாணவர் மதிப்பெண்ணின் வழியேயும் அறிய வேண்டும்.

10. முடிவுரை

அல்புனைவு எடுத்துரைப்பில் ஆசிரியர் நோக்கு, பாடுபொருளினின்றும் அறவுரையினின்றும் வேறானது. காரணம், பயன் என நன்னூல் செய்யும் பிரிப்பு அவ்வேறுபாட்டை விளக்கத் துணைசெய்கிறது. கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றை நிகழ்வுநிலை, எழுத்துநிலை என இரண்டாகப் பகுத்து நோக்கின், முன்னத்தின்வழி நோக்கு வெளிப்படுகிறது. நாட்குறிப்பில் கேட்போர் இன்மையும், ‘என் சரித்திர’த்தில் இரு காலங்களின் இடைவெளியும், ‘கருக்கி’ல் பகுதிக்கும் முழுமைக்குமான முரணும் இதற்கு வாயில்களாகின்றன. பாடநூலில் பகுதிகளைத் தெரிவுசெய்வோர், அப்பகுதி முழுநூலின் நோக்கோடு கொள்ளும் உறவை ஆசிரியர் குறிப்பாகவேனும் இணைத்தல் இன்றியமையாதது. பயண நூல், கடித இலக்கியம், சிறைக்குறிப்பு ஆகிய வகைமைகளுக்கும் இந்நெறியைப் பொருத்தி ஆராய இடமுண்டு.